யாருக்கு எந்தப் படம்? உலக சினிமாவைப் பரிந்துரைக்கும் முறை

"நல்ல உலகப் படம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்பவருக்கு நாம் வழக்கமாக ஒரு பட்டியலை அனுப்பிவிடுகிறோம். ஐம்பது படங்கள், சில சமயம் நூறு படங்கள், நாடுவாரியாகவோ இயக்குநர்வாரியாகவோ பிரிக்கப்பட்டு வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்கின்றன. பெற்றுக்கொண்டவர் நன்றி சொல்கிறார். பெரும்பாலும் அத்தோடு சரி. அவருக்கு ஆர்வம் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது, அதில் எதைப் பார்க்கலாம் என்பதுதான் அவருடைய கேள்வி. நாமோ நூறு பெயர்களைக் கொடுத்து, தேர்ந்தெடுக்கும் வேலையை மறுபடியும் அவர் தலையிலேயே கட்டிவிட்டோம்.

பட்டியல்கள் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்பவை. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்து, உலகின் தலைசிறந்த படங்களை வரிசைப்படுத்தி வருகிறது. முதல் வாக்கெடுப்பில் 'பைசிக்கிள் தீவ்ஸ்' முதலிடம் பெற்றது. 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்' அந்த இடத்தை விட்டு இறங்கவில்லை. 2012இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' வந்தது. 2022இல் சாந்தால் ஆக்கர்மன் இயக்கிய 'ஜான் தீல்மான்' (1975) வந்தது. இந்தக் கடைசிப் படம் 201 நிமிடம் ஓடுகிறது. ஒரு கைம்பெண் உருளைக்கிழங்கு உரிப்பதையும், பாத்திரம் கழுவுவதையும், படுக்கையைச் சரிசெய்வதையும் அந்தந்த வேலைகள் முடியும்வரை கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. மகத்தான படம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இதுவரை வெளிநாட்டுப் படமே பார்த்திராத ஒருவருக்கு, முதலிடம் பெற்றது என்ற ஒரே காரணத்துக்காக இதைக் கொடுப்பவர், அவரை இந்தப் பக்கமே வரவிடாமல் செய்கிறார்.

பரிந்துரைக்கும்போது படத்தின் தரத்தை நாம் நிறுவிக் காட்ட வேண்டியதில்லை. அதைக் காலம் செய்து முடித்துவிட்டது. இந்த மனிதருக்கு, இந்த மாதத்தில், எந்தப் படம் என்பதை மட்டும்தான் நாம் முடிவு செய்ய வேண்டும். கீழே வருபவை எல்லாம் அந்த முடிவுக்கு உதவும் வழிகளே.

முதலில் கேட்க வேண்டியது

'உங்களுக்கு எந்த வகைப் படம் பிடிக்கும்' என்று கேட்டால் பயன் குறைவு. திரில்லர், ஃபேமிலி என்று ஒரு சொல்லில் பதில் வரும். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. இரண்டு மூன்று முறைக்கு மேல் பார்த்த படங்கள் எவை, அவற்றில் எந்தக் காட்சிக்காகத் திரும்பத் திரும்பப் போனீர்கள் என்று கேளுங்கள். 'மகாநதி'யைச் சொல்பவர் சிறைக் காட்சிகளுக்காகச் சொல்கிறாரா, மகளைத் தேடி அலையும் தந்தைக்காகச் சொல்கிறாரா என்பது தெரிந்தால்தான் அடுத்த படம் எது என்று தெரியும். அவர் சொல்லும் படம் உங்களுக்குப் பிடிக்காத மசாலாப் படமாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் கேட்பது அவசியம். அந்தப் பதிலில்தான் உங்களுக்கு வேண்டிய தகவல் எல்லாம் இருக்கிறது.

இதோடு சில நடைமுறைக் கேள்விகளும் உண்டு. தனியாகப் பார்ப்பாரா, கூடத்தில் உள்ள ஒரே தொலைக்காட்சியில் பெற்றோரும் பிள்ளைகளும் சூழ்ந்திருக்கப் பார்ப்பாரா, கைபேசியில் பேருந்துப் பயணத்தில் பார்ப்பாரா, ஆங்கில சப்டைட்டிலைத் தடையின்றி வாசிப்பாரா என்பவை நாகரிகம் கருதி நாம் கேட்காமல் விடும் கேள்விகள். இவற்றைக் கேட்காததால்தான் பெரும்பாலான பரிந்துரைகள் வீணாகின்றன.

தெரிந்த படத்திலிருந்து தெரியாத படத்துக்கு

தமிழ் ரசிகருக்கு உலக சினிமாவை அறிமுகப்படுத்த, அவர் ஏற்கெனவே விரும்பும் தமிழ்ப் படத்தைவிட நல்ல வாசல் கிடையாது. 'அந்த நாள்' (1954) பிடித்தவருக்கு அகிரா குரோசவாவின் 'ரஷோமான்' (1950) நேரான அடுத்த படி. ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய அந்தப் படத்தில் பாட்டு இல்லை, நடனம் இல்லை. கொலையுண்ட ரேடியோ பொறியாளரைப் பற்றி ஒவ்வொருவரும் தம் பார்வையில் ஒரு கதை சொல்கிறார்கள். 'ரஷோமா'னில் ஒரு சாமுராய் காட்டில் இறந்து கிடக்கிறான். கொள்ளைக்காரன், சாமுராயின் மனைவி, ஆவியாக வந்து பேசும் சாமுராய், மறைந்திருந்து பார்த்த விறகுவெட்டி ஆகிய நால்வரும் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு வேறுபாட்டை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'அந்த நாள்' முடியும்போது கொலையாளி யார் என்பது தெரிந்துவிடும். 'ரஷோமான்' அந்தத் தீர்வைத் தராது. அதை எதிர்பார்த்து உட்கார்ந்தவர் 88 நிமிடங்களுக்குப் பிறகு ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். தீர்வு வராது என்று அறிந்து உட்கார்ந்தவரோ, மனிதர்கள் தங்களைப் பற்றி ஏன் பொய் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்கத் தொடங்குவார். 'விருமாண்டி'யின் இரு தரப்புக் கதையை ரசித்தவருக்கும் இதே படமும் இதே எச்சரிக்கையும் பொருந்தும்.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) யாருக்காவது மனத்தில் நின்றிருந்தால் அவரிடம் தயங்காமல் 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948) பற்றிப் பேசலாம். ஒரு சிறிய வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் ஒரு பெண் படும் பாடு அங்கே. சுவரொட்டி ஒட்டும் வேலைக்கு அவசியமான சைக்கிள் திருடுபோய், அதைத் தந்தையும் சிறுவனும் ரோம் நகரத் தெருக்களில் தேடி அலைவது இங்கே. இயக்குநர் விட்டோரியோ டி சிகா தந்தையாக நடிக்கவைத்தவர் தொழில்முறை நடிகர் அல்லர்; லம்பர்ட்டோ மஜொரானி என்ற ஆலைத் தொழிலாளி. 1950இல் லண்டனில் இந்தப் படத்தைப் பார்த்த சத்யஜித் ராய்க்கு, புதுமுகங்களை வைத்து வெளிப்புறத்திலேயே 'பதேர் பாஞ்சாலி'யை எடுத்துவிடலாம் என்ற உறுதி பிறந்தது. 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தபோது, அதன் முக்கியமான படங்களுள் ஒன்றாக இது இருந்தது. இத்தகைய தகவல்களைப் படம் பார்த்த பிறகு சொல்வது நல்லது. முன்பே சொன்னால் பாடம் நடத்துவது போலாகிவிடும்.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்று, பின்னர் இங்கே பார்க்கக் கிடைத்தபோது, தமிழ்நாட்டில் பலர் முதன்முறையாக அப்படியொரு படத்தைப் பார்த்தார்கள். குடிகாரத் தந்தையும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள், அவ்வளவுதான். அதில் ஒன்றியவருக்கு ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'வேர் இஸ் த ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ்?' (1987) உடனே பிடித்துப்போகும். வகுப்புத் தோழனின் நோட்டைத் தவறுதலாக எடுத்துவந்துவிட்ட சிறுவன், மறுநாள் அவன் வீட்டுப்பாடம் எழுதாமல் போனால் பள்ளியை விட்டே அனுப்பப்படுவான் என்ற அச்சத்தில், பக்கத்து ஊரில் அவன் வீட்டைத் தேடி மேட்டில் வளைந்து வளைந்து செல்லும் பாதையில் ஓடுகிறான். 83 நிமிடங்கள். பெரியவர்களில் அநேகமாக யாரும் அந்தச் சிறுவனின் பேச்சைக் காதில் வாங்குவதில்லை என்பதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.

ஈரானியப் படங்களில் மஜித் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) தமிழ்நாட்டில் நன்கு அறிமுகமானது. 'அக்கா குருவி' என்று தமிழிலும் எடுக்கப்பட்டது. ஆகையால் ஓரளவு பார்த்துப் பழகியவரிடம் அதை மீண்டும் சொல்வதில் பொருளில்லை. அவருக்கு அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செப்பரேஷன்' (2011) பொருந்தும். நினைவு தவறிய தந்தையைக் கவனிக்க ஓர் ஏழைப் பெண்ணை வேலைக்கு அமர்த்துகிறார் ஒருவர். ஒரு தள்ளுமுள்ளு நடக்கிறது. வழக்கு நீதிபதியின் அறைக்கு வருகிறது. நீதிமன்ற வாதப் பிரதிவாதங்களை விரும்புபவர்கள், சிட்னி லூமெட்டின் '12 ஆங்ரி மென்' (1957) பார்த்துவிட்டு வந்தவர்கள், இதில் ஒவ்வொரு கால் மணி நேரத்திலும் தாங்கள் எந்தப் பக்கம் என்பதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

பழைய படங்கள் என்றாலே பொறுமையைச் சோதிக்கும் என்று எண்ணுபவர்களுக்கு நான் முதலில் சொல்லும் படம் ஹான்ரி ஜார்ஜ் க்ளூஸோவின் 'த வேஜஸ் ஆஃப் ஃபியர்' (1953). எண்ணெய்க் கிணற்றில் பற்றிய தீயை அணைக்க நைட்ரோகிளிசரின் தேவைப்படுகிறது. அதை இரண்டு லாரிகளில் ஏற்றி, மலைப்பாதையில் நான்கு பேர் ஓட்டிச் செல்ல வேண்டும். ஒரு குலுங்கல் போதும், எல்லாம் முடிந்துவிடும். கான் விழாவிலும் பெர்லின் விழாவிலும் ஒரே ஆண்டில் உயரிய பரிசு பெற்ற இந்தப் படத்தை இன்றைய சென்னை மல்டிபிளக்ஸில் போட்டாலும் யாரும் கைபேசியை எடுக்க மாட்டார்கள். லாரிகள் கிளம்புவதற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வேலையும் இல்லாமல், ஊரை விட்டுப் போகவும் வழியில்லாமல் கிடக்கும் அந்த மனிதர்களை அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்ளாவிட்டால், பின்னால் வரும் பயணத்தில் நெஞ்சு பதைக்காது.

'பாரசைட்' (2019) பார்த்து வியந்தவர்கள் இப்போது ஏராளம். அவர்களிடம் இன்னொரு புதிய கொரியத் திரில்லரைச் சொல்வதைவிட, கிம் கீ-யங்கின் 'த ஹவுஸ்மெய்ட்' (1960) பற்றிச் சொல்லலாம். புதிதாகக் கட்டிய மாடி வீடு, வேலைக்கு வரும் பெண், மாடிப்படிகளில் ஏறி இறங்கும் குடும்ப அவலம் என அறுபது ஆண்டுகளுக்கு முன்பே எல்லாம் இருக்கின்றன. தன்னைப் பாதித்த படமாக இதை இயக்குநர் போங் ஜூன்-ஹோவே குறிப்பிட்டிருக்கிறார்.

உலக சினிமா என்றதும் ஐரோப்பா, ஜப்பான், ஈரான், கொரியா என்று நாமே ஒரு வேலி போட்டுக்கொள்கிறோம். செனகலின் உஸ்மான் செம்பேன் எடுத்த 'பிளாக் கேர்ல்' (1966) சுமார் ஒரு மணி நேரமே ஓடுகிறது. டக்காரிலிருந்து ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்கு வேலை செய்யப் பிரான்சுக்குப் போகும் இளம்பெண், அங்கே நான்கு சுவருக்குள் அடைபடுகிறாள். வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போய்வந்தவர்களை அறிந்த எந்தத் தமிழருக்கும் இதை விளக்கவே தேவையில்லை. பக்கத்திலிருக்கும் இலங்கையைக்கூட நாம் மறந்துவிடுகிறோம். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கம்பெரலிய' என்ற சிங்களப் படம் 1965இல் தில்லித் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது வென்றது. கிராமத்துப் பெரிய குடும்பமொன்று மெல்லச் சரிவதைக் காட்டும் அந்தப் படத்தைப் பார்த்த தமிழ் ரசிகர்கள் மிகச் சிலரே.

ஓர் இயக்குநரின் எந்தப் படத்தில் தொடங்குவது

ஓர் இயக்குநரின் மிகச் சிறந்த படம் அவரிடம் நுழைவதற்கு ஏற்ற படமாக இருப்பது அரிது. ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி என்றால் 'மிரர்' (1975) என்றோ 'ஸ்டாக்கர்' (1979) என்றோ சொல்லத் தோன்றும். ஆனால் 'ஐவன்ஸ் சைல்ட்ஹுட்' (1962) தொண்ணூற்றைந்து நிமிடங்களில் முடியும் போர்க்கதை. எதிரிப் படைகளுக்குள் புகுந்து ஒற்றறியும் ஒரு சிறுவனைப் பின்தொடரும் அந்தப் படத்திலேயே நீரும் குதிரைகளும் கனவுகளும் வந்துவிடுகின்றன. அந்தக் கனவுகளுக்குப் பழகியவருக்கு 'மிரர்' அந்நியமாகத் தோன்றாது. ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனில் 'பெர்சோனா'வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கௌரவப் பட்டம் வாங்கக் காரில் புறப்படும் முதிய பேராசிரியர், வழியெல்லாம் தன் இளமையைச் சந்திக்கும் 'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்' (1957) முதலில் வரட்டும்.

யசுஜிரோ ஓசுவைப் பொறுத்தவரை எனக்கு உறுதியான கருத்து உண்டு. எல்லோரும் 'டோக்கியோ ஸ்டோரி'யை (1953) முதலில் கொடுக்கிறார்கள். நான் 'குட் மார்னிங்' (1959) படத்தைக் கொடுப்பேன். தொலைக்காட்சிப் பெட்டி வாங்கித் தரும்படி அடம்பிடிக்கும் அண்ணன் தம்பி இருவர், வாயை மூடும்படி அப்பா அதட்டியதும் ஒருவரோடும் பேசுவதில்லை என்று விரதம் பூணுகிறார்கள். அதைத் தொடர்ந்து அக்கம்பக்கத்து வீடுகளில் வம்பு வளர்கிறது. வண்ணப்படம், நகைச்சுவைப் படம், குழந்தைகளோடு பார்க்கலாம். தரையில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் வைக்கப்பட்டு அநேகமாக நகராமலே இருக்கும் ஓசுவின் கேமராவும், காட்சிகளுக்கு இடையே வரும் ஆளற்ற ஷாட்டுகளும் அந்தச் சிரிப்போடு சேர்ந்து பழகிவிடும். அதன்பின் 'டோக்கியோ ஸ்டோரி'யில் பிள்ளைகளைப் பார்க்க வந்த முதிய தம்பதியர் மெல்ல ஓரங்கட்டப்படும்போது, நடை மெதுவாக இருக்கிறது என்று யாரும் குறைப்படமாட்டார்கள்.

குற்றக் கதை விரும்புபவருக்குக் குரோசவாவின் 'ஹை அண்ட் லோ' (1963). ஆள்கடத்தல் கதையின் முற்பாதி ஏறக்குறைய முழுவதும் ஒரே வரவேற்பறையில் நடக்கிறது. பிரெஞ்சு இயக்குநர் பிரெஸ்ஸோன் என்றால் 'எ மேன் எஸ்கேப்டு' (1956). தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிட்டு, சிறைக் கதவின் பலகைகளை ஒரு கரண்டியைத் தீட்டி அகற்றும் கைகளைக் காட்டியே மூச்சு விடாமல் பார்க்கவைத்துவிடுகிறார்.

எப்படிச் சொல்வது

பரிந்துரை மூன்று நான்கு வாக்கியங்களுக்கு மேல் போக வேண்டாம். படத்தின் முதல் இருபது நிமிடத்துக்குள் தெரிந்துவிடும் கதைக்கரு, எவ்வளவு நேரம் ஓடும், எந்த ஒன்றைக் கவனிக்கலாம், உங்களை நினைத்து ஏன் இதைச் சொல்கிறேன் ஆகியவை இருந்தால் போதும். கடைசியாகச் சொன்னதுதான் பலமானது. 'உங்கள் தாத்தா ஊரில் கிணறு வெட்டிய கதையைச் சொன்னீர்கள் அல்லவா, அதனால் இது நினைவுக்கு வந்தது' என்று சொன்னால் அவர் அந்தப் படத்தைத் தேடிப் பார்ப்பார். விருதுகளை வரிசையாக அடுக்குவது, பெண் பார்க்கப் போன வீட்டில் சம்பளச் சீட்டை எடுத்துக் காட்டுவது போன்றது. பொய்யில்லை, ஆனால் யாருக்கும் ஆசை பிறக்காது.

'மெதுவாகத்தான் போகும், பொறுமையாகப் பாருங்கள்' என்ற வாக்கியத்தை அடியோடு விட்டுவிடலாம். அதைக் கேட்டவர் மருந்து குடிக்கும் மனநிலையில்தான் உட்காருவார். பொறுமையை வேண்டுவதற்குப் பதிலாக, கண்ணுக்கும் காதுக்கும் ஒரு வேலை கொடுங்கள். 'ஜான் தீல்மா'னைச் சொல்வதாக இருந்தால், முதல் நாளில் அந்தப் பெண் செய்யும் வேலைகளின் ஒழுங்கை நினைவில் வைத்துக்கொண்டு, இரண்டாம் நாளில் எது பிசகத் தொடங்குகிறது என்று பார்க்கச் சொல்லலாம். அப்போது மெதுவான அதே காட்சிகள் பதற்றம் தரும் காட்சிகளாகிவிடும். 'உங்கள் வாழ்க்கையையே மாற்றிவிடும்' என்ற உறுதிமொழியும் வேண்டாம். வாழ்க்கை மாறாதவர் உங்களைத்தான் குறை சொல்வார்.

முடிவைச் சொல்லக் கூடாது என்பது பொதுவிதி. ஆனால் கதை வழக்கமான தீர்வைத் தராது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தோனியோனியின் 'ல'அவென்துரா'வில் (1960) ஒரு தீவில் ஒரு பெண் காணாமல் போகிறாள், தேடுகிறார்கள், அவள் கிடைப்பதில்லை, படம் தேடியவர்களின் கதையாக மாறிவிடுகிறது. கான் விழாவில் அதன் முதல் திரையிடலில் பார்வையாளர்கள் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். பிறகு அதே விழாவில் நடுவர் பரிசு கிடைத்தது. 'இது துப்பறியும் கதை அல்ல' என்று யாராவது வாசலில் நின்று சொல்லியிருந்தால் அந்தக் கூச்சல் பாதியாகக் குறைந்திருக்கும் என்று நினைப்பதுண்டு.

தமிழ் வீடுகளில் இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. கிம் கி-டுக்கின் 'ஸ்பிரிங், சம்மர், ஃபால், விண்டர்... அண்ட் ஸ்பிரிங்' (2003) ஏரி நடுவே மிதக்கும் பௌத்த மடத்தைப் பற்றிய ஆன்மிகப் படம் என்று பரிந்துரைக்கப்பட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்தவர்கள் கோடைப் பகுதி வந்ததும் ரிமோட்டைத் தேடுகிறார்கள். உடலுறவுக் காட்சி, கடும் வன்முறை, விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமை ஆகியவை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. தார்க்கோவ்ஸ்கியின் 'ஆந்திரேய் ரூபிளெவ்' படப்பிடிப்பில் குதிரை ஒன்று உண்மையாகவே கொல்லப்பட்டது; அதைத் தாங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்தப் படம் வேண்டாம்.

எந்தப் பிரதி, எந்த மொழி, எந்தத் திரை

படத்தின் பெயரோடு இயக்குநர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே பெயரில் பல படங்கள் உண்டு. மேலே சொன்ன 'த ஹவுஸ்மெய்ட்' 2010இல் மறுபடி எடுக்கப்பட்டது, தேடினால் அதுதான் பல இடங்களில் முதலில் வரும். சில படங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களும் இருக்கின்றன. 'சினிமா பாரடைஸோ' (1988) உலகெங்கும் புகழ்பெற்றது ஏறக்குறைய இரண்டு மணி நேர வடிவத்தில்தான்; கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும் இயக்குநர் வடிவத்தை முதலில் பார்ப்பவருக்கு நாயகனின் காதல் கதை வேறொன்றாகிவிடும். முதல்முறை பார்ப்பவருக்குச் சிறியதையே சொல்லுங்கள். 'மெட்ரோபோலிஸ்' (1927) என்றால் 2008இல் புவெனஸ் ஐரிஸில் கிடைத்த காட்சிகளைச் சேர்த்து 2010இல் வெளியான வடிவம்தான் ஏறக்குறைய முழுமையானது. 'பதேர் பாஞ்சாலி'யின் மூல நெகட்டிவ் 1993இல் லண்டன் தீ விபத்தில் சேதமானது. அதைக் கொண்டு சீரமைக்கப்பட்ட 2015ஆம் ஆண்டுப் பிரதியைப் பார்த்தவர்கள், பழைய தூர்தர்ஷன் ஒளிபரப்பில் தாங்கள் பார்த்தது இந்தப் படம்தானா என்று வியக்கிறார்கள்.

சப்டைட்டில் விஷயத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஓர் அங்குல உயரமுள்ள அந்தத் தடையைத் தாண்டிவிட்டால் எத்தனையோ அற்புதமான படங்கள் காத்திருக்கின்றன என்று போங் ஜூன்-ஹோ 2020 கோல்டன் குளோப் மேடையில் சொன்னது பலருக்கும் நினைவிருக்கும். அவர் அதைச் சொன்னது, சொந்த மொழியிலேயே சப்டைட்டில் கிடைத்தும் படிக்கச் சோம்பும் அமெரிக்கர்களைப் பார்த்து. நம் நண்பருக்கோ அந்த வரிகளும் அந்நிய மொழி. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டாமல் படிப்பவர்கூட, வேகமாக வசனம் பேசும் பிரெஞ்சுப் படத்தில் முகங்களைப் பார்க்க நேரமின்றித் திண்டாடுகிறார். எனவே தொடக்கத்தில் வசனம் குறைந்த படங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கனேட்டோ ஷின்டோவின் 'த நேக்கட் ஐலண்ட்' (1960) அதற்கு மிகப் பொருத்தமானது: தண்ணீரே இல்லாத ஒரு சிறு தீவில் ஒரு கணவனும் மனைவியும் படகில் போய் வாளிகளில் நன்னீர் கொண்டுவந்து, தோளில் சுமந்து மேடேறிப் பயிருக்கு ஊற்றுகிறார்கள், பேச்சு ஏறக்குறைய கிடையாது. ஆங்கிலம் அறியாத அம்மாவோ பாட்டியோ இதைப் பார்க்க எந்தத் தடையும் இல்லை, தண்ணீர் சுமந்தவர்களுக்கு அந்த வாளிகளின் கனம் நம்மைவிட நன்றாகவே தெரியும். ஒரு சிறுவனைப் பாரிஸ் தெருக்களில் பின்தொடரும் பலூனைக் காட்டும் 34 நிமிடப் படமான 'த ரெட் பலூன்' (1956), பேசும்படம் வந்த பிறகும் சாப்ளின் பிடிவாதமாக வசனமின்றி எடுத்த 'சிட்டி லைட்ஸ்' (1931) ஆகியவையும் இந்த வரிசையில் சேரும்.

எளிதில் கிடைக்காத படத்தைப் பரிந்துரைப்பது வெறும் பெருமையடிப்பாக முடிந்துவிடும். சொல்வதற்கு முன்பு அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். உலகப் படங்களை இணையத்தில் காட்டும் மூபி தளம் இந்தியாவில் கிடைக்கிறது, அதில் உள்ள படங்கள் அவ்வப்போது மாறும். ரஷ்யாவின் மோஸ்ஃபிலிம் நிறுவனம் தார்க்கோவ்ஸ்கி படங்களை ஆங்கில சப்டைட்டிலுடன் தன் யூடியூப் சேனலில் வெளியிட்டிருக்கிறது. கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் 'த ஹவுஸ்மெய்ட்' உள்ளிட்ட பழைய படங்களை அவ்வாறே இலவசமாகத் தந்திருக்கிறது. டிசம்பரில் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாக்களுக்கு நண்பரை அழைத்துப் போக முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. இருட்டில் முந்நூறு பேரோடு அமர்ந்திருக்கும்போது, வீட்டில் தூங்கவைக்கும் படமும் விழிக்கவைக்கும்.

வீட்டில் பார்ப்பவருக்கு இரண்டே குறிப்புகள். புதிய தொலைக்காட்சிகளில் அசைவை மழமழப்பாக்கும் ஓர் அமைப்பு இருக்கும். அதை நிறுத்தாவிட்டால் குரோசவா படமும் மெகா சீரியல்போலத் தெரியும். பழைய படங்களின் சட்டகம் அகலம் குறைந்தது; இருபுறமும் கறுப்பாக இருக்கிறதே என்று திரையை இழுத்துவிட்டால் முகங்கள் பருத்துவிடும்.

பார்த்த பிறகு

ஒரு நேரத்தில் ஒரு படம் போதும். அவர் பார்த்துவிட்டு வந்ததும் 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். அது தேர்வுத்தாளைத் திருத்துபவரின் கேள்வி. எந்தக் காட்சி நினைவில் இருக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் ஒருபோதும் கவனிக்காத ஒன்றை அவர் சொல்லக்கூடும், அப்போது விளக்க முற்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்று சொன்னால் வாதாடி வெல்ல வேண்டாம். நடுவில் நிறுத்திவிட்டேன் என்றால், எந்த இடத்தில் என்று மட்டும் கேளுங்கள். கதை நகராததால் நிறுத்தினாரா, மனம் கனத்ததால் நிறுத்தினாரா, கரண்ட் போனதால் நிறுத்தினாரா என்பதைப் பொறுத்து அடுத்த படம் மாறும். 'டோக்கியோ ஸ்டோரி'யைப் பாதியில் விட்டவருக்கு, அதன் திரைக்கதையாசிரியர்களுள் ஒருவரான கோகோ நோடாவுக்குத் தூண்டுதலாக இருந்த 'மேக் வே ஃபார் டுமாரோ' (1937) என்ற ஹாலிவுட் படத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். வீட்டை இழந்த முதிய தம்பதியரைப் பிள்ளைகள் ஆளுக்கொருவராகப் பிரித்து வைத்துக்கொள்ளும் கதை அது. சிவாஜி கணேசன் படங்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தக் கதை அந்நியமாக இராது. அதன் இயக்குநர் லியோ மெக்கேரியின் வேகமும் நகைச்சுவையும் அவரை முடிவுவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

அவர் உங்களுக்கு ஒரு படத்தைச் சொன்னால் அதைக் கட்டாயம் பாருங்கள், அது எவ்வளவு சாதாரணமான படமாக இருந்தாலும். ஒருவழிப் பரிந்துரை சீக்கிரத்தில் உபதேசமாகிவிடும்.

யாருக்கு எதைச் சொன்னோம், அவர் என்ன சொன்னார் என்பதைக் கைபேசியில் ஒரு வரியாகக் குறித்துவைத்துக்கொள்வது பின்னால் பெரிதும் உதவும். ஒரே மனநிலையில் உள்ள இரண்டு படங்களை அடுத்தடுத்துக் கொடுக்காமல் இருப்பதற்கும் அந்தக் குறிப்பே வேண்டியிருக்கிறது. 'பைசிக்கிள் தீவ்ஸ்' பார்த்துக் கலங்கியவருக்கு, ஓய்வூதியத்தில் வாழ முடியாத முதியவரையும் அவருடைய நாயையும் பற்றிய 'உம்பர்த்தோ டி' (1952) படத்தை அதே வாரத்தில் கொடுத்தால், இத்தாலியப் படங்கள் எல்லாமே அழவைப்பவை என்று அவர் முடிவு கட்டிவிடுவார். இடையில் அதே டி சிகாவின் 'மிராக்கிள் இன் மிலான்' (1951) வரட்டும். அதிலும் ஏழைகள்தான், ஆனால் அவர்கள் துடைப்பத்தில் ஏறி வானத்தில் பறக்கிறார்கள்.